தனியொருவராய் நின்றவர்: சோரன் கீர்க்ககார்ட்

இருத்தலியல் என்ற சொல்லைக் கண்டதும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட எண்ணும் அன்பு வாசகரே, சற்றுப் பொறுத்திருங்கள். சொல் பெரிது, பொருள் அவ்வளவு தூரத்தில் இல்லை. குருமடத்தில் மெய்யியல் கற்ற காலத்தில் எனக்கும் அது வாயில் நுழையாத சொல்லாகவே இருந்தது. பரீட்சைக்காக மனனம் செய்தேன். பரீட்சை முடிந்ததும் மறந்தேன். பல ஆண்டுகள் கழித்து, ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் முதியவர் ஒருவர் தம் தகப்பனாரின் கதையைச் சொன்னபோதுதான் அந்தப் பாடம் எனக்கு விளங்கலாயிற்று.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நீங்கள் அறிவீர்கள். 975,000 பேர் பங்கிடப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப்பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எச்சத்தையும் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மேலே கணக்குச் சரியாயிற்று. கீழே லயத்திலோ ஒவ்வொரு குடும்பத் தலைவனும் எந்த விண்ணப்பத்தில் கையொப்பமிடுவது என்று தானே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அந்த முதியவரின் தகப்பனார் மூன்று இரவுகள் உறங்கவில்லையாம். கங்காணியைக் கேட்டார், தொழிற்சங்கத் தலைவரைக் கேட்டார், பங்குச் சுவாமியையும் கேட்டார். போனால் ஊரில் காணி உண்டு என்று சிலரும், இருந்தால் பிரசாவுரிமை கிடைக்கும் என்று சிலரும் சொன்னார்கள். தோட்டம் முழுவதற்கும் ஒரு கருத்து இருந்தது. ஆனால் தாளில் கைநாட்டு வைக்கத் தோட்டத்துக்கு விரல் இல்லை. இருந்தது அவருடைய விரல் ஒன்றுதான். அவர் இருக்கத் தீர்மானித்தார். அவருடைய தம்பி போகத் தீர்மானித்தார். ஹாலிஎல இரயில் நிலையத்தில் பிரிந்த சகோதரர் இருவரும் அதன்பின் சந்திக்கவேயில்லை.

அந்த மூன்று இரவுகளைப்பற்றி நூல்மேல் நூலாக எழுதிய ஒருவர், அவ்விரவுகளுக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே டென்மார்க் நாட்டில் வாழ்ந்து மறைந்தார். சோரன் கீர்க்ககார்ட் என்பது அவர் பெயர். இருத்தலியலின் தந்தை என்று உலகம் இன்று அவரை அழைக்கின்றது. அவருடைய வாழ்வை உங்களுக்குச் சொன்னால் அவருடைய கருத்துகளையும் சொன்னதாகும். ஏனெனில் இரண்டையும் பிரிக்க முடியாது.

கதை அவரிலிருந்து தொடங்கவில்லை. அவருடைய தந்தையிலிருந்து தொடங்குகின்றது. மிக்கேல் கீர்க்ககார்ட் 1756இல் ஜட்லாந்துப் பகுதியில் மிக வறிய குடும்பமொன்றில் பிறந்தவர். புதர் மண்டிய பொட்டல் நிலத்தில் செம்மறி மேய்ப்பதே அச்சிறுவனின் வேலை. ஒருநாள் குளிரும் பசியும் தனிமையும் தாங்கமாட்டாமல் மேடொன்றின்மேல் ஏறிநின்று கடவுளைச் சபித்துவிட்டான். நம் மலைகளில் குளிரிலும் மழையிலும் நின்று வாய்விட்டு ஏசாத பிள்ளை உண்டா? பாவசங்கீர்த்தனத்தில் அதைக் கேட்கும் எந்தக் குருவும் புன்னகையோடு மன்னிப்பு வழங்கியிருப்பார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சில காலத்துக்குள் தலைநகர் கொப்பன்ஹேகனில் இருந்த மாமன் அவனைத் தம் கம்பளிக் கடைக்கு அழைத்துக்கொண்டார். அன்றுமுதல் அவன் தொட்டதெல்லாம் துலங்கிற்று. நாற்பது வயதில் தொழிலை விட்டுவிட்டு இருந்து சாப்பிடக்கூடிய செல்வராகிவிட்டார் மிக்கேல். சபித்த வாய்க்குத் தண்டனை வராமல் செல்வம் வந்ததே அவரை அச்சுறுத்தியது. தண்டனை எங்கோ காத்திருக்கின்றது என்று வாழ்நாள் முழுவதும் நடுங்கினார்.

முதல் மனைவி 1796இல் பிள்ளையின்றி இறந்தார். அடுத்த ஆண்டே வீட்டுப் பணிப்பெண்ணை மணந்தார். ஐந்தாம் மாதத்தில் முதற் குழந்தை பிறந்தது. அதுவும் அவர் மனத்தில் முள்ளாயிற்று. பிள்ளைகள் ஏழுபேர். கடைக்குட்டியாக 1813ஆம் ஆண்டு மே 5ஆம் திகதி சோரன் பிறந்தபோது தந்தைக்கு வயது 56. பின்னர் மரணம் அந்த வீட்டுக்கு வரத் தொடங்கிற்று. 1819க்கும் 1834க்கும் இடையில் ஐந்து பிள்ளைகள் போயினர். 1834இல் தாயும் போனார். எஞ்சியவர் மூத்தவர்களுள் ஒருவரான பீட்டரும் சோரனுமே. தம் பிள்ளைகளில் எவரும் ஆண்டவர் இயேசு சிலுவையில் மரித்த 33 வயதைத் தாண்டமாட்டார்கள் என்று அந்த முதியவர் நம்பினார். பிள்ளையும் நம்பினார். 1847இல் தமக்கு 34 வயது நிறைந்தபோது, பதிவில் பிழை இருக்குமோ என்று சோரன் ஐயப்படும் அளவுக்கு அந்த நம்பிக்கை ஆழமாயிருந்தது.

1830இல் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். படித்து முடிக்கப் பத்தாண்டுகள் சென்றன. இடையில் நாடகக் கொட்டகை, கோப்பிக் கடை, நல்ல உடை, நண்பர் கூட்டம்; கடனைத் தகப்பனார் அடைத்தார். எல்லாரையும் சிரிக்கவைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தனிமையில் வாடும் இளைஞராக அவர் இருந்தார் என்பதை அவருடைய நாட்குறிப்புகள் காட்டுகின்றன. இன்பத்தைத் தேடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இந்த வாழ்வைத்தான் பிற்காலத்தில் மனித வாழ்வின் முதற்படி என்று அவர் வகுத்தார். அதில் சலிப்பே முடிவு. கடமையை ஏற்று, குடும்பம், தொழில், நாணயம் என்று நிலைத்து நிற்பது இரண்டாம் படி. கடவுளுக்கு முன் தனியாக நிற்பது மூன்றாம் படி. ஒரு படியிலிருந்து மறு படிக்கு யாரும் தானாக வளர்ந்துவிடுவதில்லை. தாவ வேண்டும், அதாவது தீர்மானிக்க வேண்டும். வயது போனால் புத்தி வரும் என்று காத்திருக்கும் நம்மவர்க்கு இது கசப்பான செய்திதான்.

1838 ஆகஸ்டில் தந்தை இறந்தார். 1840 ஜூலையில் சோரன் பரீட்சையில் தேறினார். செப்டெம்பரில் ரெஜீனே ஒல்சன் என்ற பதினெட்டு வயது நங்கையோடு அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மறுநாளே தாம் பிழை செய்துவிட்டதாக அவர் உணர்ந்தாராம். தம்முள் இருந்த அந்தப் பரம்பரைத் துயரத்தை, தந்தையின் இரகசியத்தை அவளிடம் சொல்லவும் முடியவில்லை. சொல்லாமல் மணமுடித்து ஏமாற்றவும் மனம் ஒப்பவில்லை. 1841 ஆகஸ்டில் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். ரெஜீனே விடவில்லை; கெஞ்சினாள், அவள் தகப்பனாரும் கெஞ்சினார். அவள் தம்மை வெறுத்தால் எளிதில் மறப்பாள் என்று எண்ணி, தாம் இரக்கமற்ற வஞ்சகன் என்பதுபோல நடித்தார். ஒக்டோபரில் எல்லாம் முறிந்தது. அவர் பேர்லினுக்குப் புறப்பட்டுப் போனார்.

அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பெண்ணின் மனத்தை அவளுடைய நன்மைக்கென்றே உடைப்பதாகச் சொல்லும் ஆண்களை எல்லாப் பங்குகளிலும் காணலாம். அவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் இவர் அதன்பின் வேறொருத்தியை நாடவுமில்லை, தம்மை நியாயப்படுத்தி ஓயவுமில்லை. அந்த ஒரு தீர்மானத்தைச் சுற்றியே அவருடைய சிந்தனை முழுவதும் எழுந்தது.

பேர்லினில் அந்நாளில் ஷெல்லிங் என்னும் மெய்யியலாளர் விரிவுரை ஆற்றினார். கார்ல் மார்க்ஸின் தோழராகப் பின்னாளில் புகழ்பெற்ற எங்கெல்சும் அதே மண்டபத்தில் இருந்து கேட்டார். ஐரோப்பாவை அப்போது ஆண்டுகொண்டிருந்தது, பத்தாண்டுகளுக்கு முன் மறைந்துவிட்ட ஹேகலின் மெய்யியல். வரலாறு, கலை, சமயம், அரசு எல்லாவற்றையும் ஒரே ஒழுங்கில் அடக்கி விளக்கிவிடலாம் என்பது அதன் துணிவு. கீர்க்ககார்டுக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. அதை நம்மூர் வழக்கில் இப்படிச் சொல்லலாம்: துரையின் கந்தோர்ச் சுவரில் தோட்டத்து வரைபடம் தொங்குகின்றது. ஒவ்வொரு மலைக்கும் அதில் இலக்கம் உண்டு, ஏக்கர் கணக்கு உண்டு. ஆனால் மழையில் கூடையோடு சரிவில் நிற்பவள் அடுத்து எந்தக் கல்லில் காலை வைக்க வேண்டும் என்பது அதில் இல்லை. வரைபடம் பொய்யன்று. எனினும் அவளுடைய கால் அவளுடையது. அறிவுக்கு எட்டிய உண்மைகள் எத்தனை இருந்தாலும், நான் எப்படி வாழ்வது, எதற்காக வாழ்வது என்ற கேள்விக்கு நானே என் வாழ்வால் விடைசொல்ல வேண்டும். இந்த 'நான்' இருந்துகொண்டிருக்கும் நிலையையே அவர் இருத்தல் என்றார். உண்மை உள்ளத்தில் இறங்கி வாழ்வாக வேண்டும் என்று அவர் வற்புறுத்தியதைப் பலர் தவறாக எடுத்துக்கொண்டு, அவரவர்க்கு அவரவர் உண்மை என்று பேசுகின்றார்கள். அவர் அதைச் சொல்லவில்லை. ஞானோபதேச வகுப்பில் பிழையின்றி விடை ஒப்புவிக்கும் சிறுவனையும், அதே விடையை நம்பி எதிரியை மன்னிக்கும் மனிதனையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சொல் ஒன்றே, உண்மை யாரிடத்தில் இருக்கின்றது என்பதே அவர் கேள்வி.

1843இல் தொடங்கி மூன்று நான்கு ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்தது வியப்புக்குரியது. 'இது அல்லது அது' என்ற பெருநூல் 1843 பெப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் 'அச்சமும் நடுக்கமும்'. பெரும்பாலான நூல்களில் அவர் பெயர் இல்லை, விநோதமான புனைபெயர்கள். வாசகன் ஆசிரியரின் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்காமல், தானே தீர்மானிக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். கங்காணியைக் கேட்டும் தலைவரைக் கேட்டும் விடை கிடைக்காத அந்தத் தொழிலாளியின் நிலையில் வாசகனை அவர் வேண்டுமென்றே நிறுத்தினார்.

'அச்சமும் நடுக்கமும்' நூலின் கதாநாயகர் நம் முதுபெருந் தந்தை ஆபிரகாம். பாஸ்காத் திருவிழிப்பில் அந்த வாசகத்தை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். முடிவு நமக்குத் தெரிந்திருப்பதால் கலங்காமல் கேட்கின்றோம். ஆட்டுக்கடா புதரில் மாட்டிக்கொண்டிருக்கின்றது என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். ஆபிரகாமுக்குத் தெரியாது. மூன்று நாள் கழுதைமேல் பயணம். சாறாவிடம் சொல்ல முடியாது, வேலைக்காரரிடம் சொல்ல முடியாது, ஈசாக்கிடம் சொல்லவே முடியாது. ஊரார் பார்வையில் அது கொலை. அந்த மூன்று நாள்களை விட்டுவிட்டு விசுவாசத்தைப்பற்றிப் பேசுவது மலிவான பேச்சு என்பதே அந்நூலின் கருத்து. ரெஜீனேயை விட்டுவந்தவர் ஈசாக்கைப்பற்றி எழுதியபோது யாரை நினைத்திருப்பார் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

1844இல் பதகளிப்பைப்பற்றி ஒரு நூல் எழுதினார். பயம் வேறு, பதகளிப்பு வேறு என்று பிரித்துக் காட்டியது அவருடைய நுட்பம். பயத்துக்கு ஒரு பொருள் உண்டு: அட்டை, சிறுத்தை, மண்சரிவு. பொருள் விலகினால் பயமும் விலகும். பதகளிப்புக்கு அப்படிப் பொருள் இல்லை. இதையும் செய்யலாம், அதையும் செய்யலாம், தடுப்பார் ஒருவருமில்லை என்று ஒருவன் உணரும்போது உள்ளே ஏற்படும் கிறுகிறுப்பு அது. விண்ணப்பத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு குப்பி விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தவருக்கு இருந்தது நோயன்று. தாம் சுதந்திரமானவர் என்ற அறிவு. ஒரு மனிதனுக்கு அது வருவது நல்ல அடையாளம் என்றே கீர்க்ககார்ட் கருதினார். மிருகத்துக்கு அது வருவதில்லை.

1849இல் வெளிவந்த மற்றொரு நூல் விரக்தியைப்பற்றியது. தான் தானாக இருக்க விரும்பாமை, அல்லது கடவுளை விட்டுத் தன் பலத்தாலேயே தானாக இருக்க முயல்வது, இவ்விரண்டுமே விரக்தி. அதில் மிக ஆபத்தானது, தனக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பவனின் விரக்தி.

இதற்கிடையில் 1846இல் 'கோர்சேர்' என்ற நையாண்டிப் பத்திரிகை அவரைப் பிடித்துக்கொண்டது. வாரந்தோறும் கேலிச் சித்திரங்கள்: மெலிந்த கால், முதுகுக் கூனல், காற்சட்டையில் ஒரு கால் நீளம், மற்றது கட்டை. தெருவில் நடந்து எல்லாரோடும் பேசுவதில் மகிழ்ச்சி கண்டவரைப் பார்த்துத் தெருப்பிள்ளைகளும் சிரிக்கலாயினர். கூட்டம் என்பதைப்பற்றி அவர் அப்போது கற்றுக்கொண்டது அவர் எழுத்தில் நிலைத்துவிட்டது. கூட்டத்தில் நிற்கும் ஒருவனுக்கும் பொறுப்பு இல்லை. எல்லாரும் சிரித்தார்கள், ஆகவே யாரும் சிரிக்கவில்லை. பத்திரிகை நடத்தும் எனக்கு இதை எழுதும்போது சற்றே கூச்சமாகத்தான் இருக்கின்றது.

அவருடைய கடைசிப் போராட்டம் சொந்தத் திருச்சபையோடு. டென்மார்க்கில் லூத்தரன் சபையே அரச சபை. போதகர்கள் அரசாங்க உத்தியோகத்தர். அந்நாட்டில் பிறந்த குழந்தை அநேகமாக எல்லாம் கிறிஸ்தவக் குழந்தையே. எல்லாரும் கிறிஸ்தவர் என்றால் கிறிஸ்தவராக யாரும் தீர்மானிக்கத் தேவையில்லை என்றாகிவிடுகின்றது; அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. அவருடைய தந்தைக்கு ஆன்ம வழிகாட்டியாயிருந்த ஆயர் மின்ஸ்டர் 1854 ஜனவரியில் காலமானார். அவரை உண்மையின் சாட்சி என்று மார்ட்டன்சன் என்ற பேராசிரியர் பிரசங்கத்தில் புகழ்ந்தார். சில மாதங்களில் அந்த மார்ட்டன்சனே ஆயரானார். அப்போஸ்தலர் காலம்முதல் உண்மையின் சாட்சிகள் வறுமையும் அடியும் சாவும் கண்டவர்கள். நல்ல சம்பளமும் அரசவை மரியாதையும் பெற்று முதுமையில் இறந்தவரை அவர்களோடு சேர்க்கலாமா என்று கீர்க்ககார்ட் அவ்வாண்டு டிசம்பரில் பத்திரிகையில் எழுதினார். நாடு அதிர்ந்தது. 1855 மே மாதம்முதல் 'கணம்' என்ற சிறு வெளியீட்டைத் தாமே எழுதி வெளியிட்டார். ஒன்பது இதழ்கள் வந்தன.

அவற்றைப் படித்தால் நம்மவர்க்கும் சுடும். வேறொரு சபையைப்பற்றி எழுதியது என்று தப்பித்துக்கொள்ள முடியாது. திருமுழுக்குப் பதிவேட்டில் பெயர் இருப்பதே போதும் என்று எண்ணுவோர் நம் பங்குகளிலும் உண்டு, பங்குச் சுவாமிமாரிலும் உண்டு. எனினும் அவர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்றும் சொல்லியாக வேண்டும். விசுவாசம் அறிவுக்கு எதிரான பாய்ச்சல் என்பதுபோல அவர் எழுதிய இடங்களைத் திருச்சபையின் போதனையோடு ஒத்துப்பார்க்க இயலாது. கூட்டத்தை அவர் அஞ்சிய அச்சத்தில், ஒன்றாக அப்பம் பிட்டு உண்ணும் சமூகத்தையும் அவர் காணாமல் விட்டுவிட்டார். அயலானை நேசிப்பதைப்பற்றி 1847இல் ஓர் அழகிய நூல் எழுதியவருக்கு, தம் துயரத்தில் பங்குகொள்ளும் ஓர் அயலான் வாய்க்கவில்லை.

1855 ஒக்டோபர் 2ஆம் திகதி தெருவில் மயங்கி விழுந்தார். பிரடரிக் மருத்துவமனையில் சேர்த்தனர். அரசாங்க உத்தியோகத்தரான போதகர் ஒருவரிடமிருந்து நற்கருணை பெற அவர் இணங்கவில்லை. பொதுநிலையினர் ஒருவர் தந்தால் பெறுவேன் என்றார். அது நடக்கவில்லை. நவம்பர் 11ஆம் திகதி, 42 வயதில் உயிர் நீத்தார். தந்தை வைத்துச்சென்ற பணமும் அதற்குள் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. சபையை எதிர்த்தவரைச் சபையே பெரிய கோவிலில் வைத்து அடக்கம் செய்தது. தமையன் பீட்டர் போதகராகப் பேசினார். கல்லறையருகில் சகோதரியின் மகனான இளம் மருத்துவர் எழுந்து, இது அவர் விருப்பத்துக்கு மாறு என்று எதிர்ப்புத் தெரிவித்தார். அதற்காக அவருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

டேனிஷ் சிறிய மொழி. ஆகவே ஐரோப்பா அவரை அறிய அரை நூற்றாண்டு சென்றது. முதலாம் உலகப்போரின் பிணக்குவியலுக்குப் பின்னர், வரலாறு தானாக முன்னேறும் என்ற நம்பிக்கை நொறுங்கிய வேளையில்தான் அவருடைய நூல்கள் கைக்குக் கை மாறின. ஜெர்மனியில் ஹைடெகரும் யாஸ்பர்சும், பிரான்சில் சார்த்தரும் மார்சேலும் அவரிடம் கடன்பட்டவர்கள். சார்த்தர் 1945இல் பாரிசில் ஆற்றிய விரிவுரை இந்த மெய்யியலை உலகறியச் செய்தது. தாள் வெட்டும் கத்தியை அவர் உதாரணம் காட்டினார். நாம் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொள்வோம். அடிக்கும் முன்னரே கொல்லனுக்கு அதன் பயன் தெரியும். கடவுள் என்ற கொல்லன் இல்லை, ஆகவே மனிதன் முதலில் இருக்கின்றான், பின்னரே தன் தீர்மானங்களால் தன்னை ஆக்கிக்கொள்கின்றான் என்றார் சார்த்தர். கீர்க்ககார்டின் கேள்வியை வைத்துக்கொண்டு, அவர் நின்ற இடத்திலிருந்து கடவுளை மட்டும் அகற்றிவிட்டார். 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் இருத்தலியலைக் குறித்து எச்சரித்தது இத்தகைய போக்கை எண்ணியே.

கபிரியேல் மார்சேல் வேறு வழியில் போனார். முதலாம் உலகப்போரில் அவர் செஞ்சிலுவைச் சங்கத்தில் பணியாற்றினார். காணாமற்போன போர்வீரரைத் தேடும் வேலை. ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் அட்டை. ஆனால் அட்டையைத் தேடி வருபவள் ஒரு தாய் அல்லது மனைவி. அட்டையில் உள்ளதற்கும் அவள் கண்ணில் உள்ளதற்கும் இடையிலான தூரமே தம்மை மெய்யியலாளராக்கிற்று என்று அவர் பிற்காலத்தில் கருதினார். 1929இல் கத்தோலிக்கரானார், 1973இல் மறைந்தார். மனிதன் தனியாகத் தீர்மானிக்கின்றான், ஆனால் தனியாக வாழ்வதில்லை. உண்மையாயிருப்பேன் என்று மற்றொருவனுக்குக் கொடுக்கும் வாக்கில்தான் அவன் தன்னைக் கண்டடைகின்றான் என்பது மார்சேலின் போதனை. செக்ரோலில் பேரும் அரைப்பேருமாக எண்ணப்பட்டு, ஒப்பந்தத்தில் இலட்சங்களாக எண்ணப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை தாளுக்காகக் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த அட்டைகளின் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.

ரெஜீனேயின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அவர் 1847இல் சிலெகல் என்ற நல்ல மனிதரை மணந்தார். கணவருக்கு மேற்கிந்தியத் தீவுகளிலுள்ள டேனிஷ் குடியேற்றத்தில் ஆளுநர் பதவி கிடைத்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்தவர்கள் விடுதலை பெற்று ஏழாண்டுகளே ஆகியிருந்த தீவுகள் அவை. 1855 மார்ச் 17ஆம் திகதி, புறப்படும் நாளில், கொப்பன்ஹேகன் தெருவொன்றில் அவர் கீர்க்ககார்டை எதிர்கொண்டார். பல ஆண்டுகள் பேசாதிருந்தவர், கடந்துபோகும்போது தாழ்ந்த குரலில் அவருக்குக் கடவுளின் ஆசீரை வேண்டினார். அவர் தொப்பியைக் கழற்றி வணங்கினார். எட்டு மாதங்களுக்குப் பின் மேசையறையில் முத்திரையிட்ட கடிதமொன்று கிடைத்தது. நிச்சயதார்த்தம் தம்மைத் திருமணத்தைப் போலவே கட்டுப்படுத்தியது என்றும், ஆகவே தம் உடைமை யாவும் ரெஜீனேக்கே சேரும் என்றும் அதில் எழுதியிருந்தது. கடல் கடந்து செய்தி போயிற்று. உடைமையை அவர் ஏற்கவில்லை. தம் கடிதங்களையும் சில சிறு பொருள்களையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். 1904இல் ரெஜீனே இறந்தபோது, கீர்க்ககார்ட் துயிலும் அதே அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில், தம் கணவரின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.